கைப்பேசியை எந்தப் படியில் விட்டுவிட வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையக் காலத்தில் மறைஞானச் செபம் (சொற்களைக் கடந்து இறைவனில் அமைந்திருக்கும் செபம்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். செயலியும் காணொளியும் இருந்தால் யாரும் ஆழ்ந்த செபத்துக்குள் போய்விடலாம் என்ற அதன் முடிவு பாதிதான் சரி. வாசல்வரை அவை கொண்டுபோய் விடும். எந்த இடத்தில் அவற்றை விட்டுவிட்டு உள்ளே நுழைய வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவியர் மடத்துத் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ, இறைவாசிப்பை, அதாவது விவிலியத்தைச் செபமாக வாசிக்கும் முறையை, நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார்: வாசிப்பு, தியானம், மன்றாட்டு, இறைவனில் அமைந்திருத்தல். இணையம் உண்மையாகவே கைகொடுப்பது முதல் படியில். ஒரே பகுதியைப் பல மொழிபெயர்ப்புகளில் ஒப்பிடலாம், கடினமான சொல்லுக்குப் பொருள் தேடலாம். அதையெல்லாம் முந்தின இரவே முடித்துவிட வேண்டும். எட்டுப் பத்து வரிகள் போதும்; முழு அதிகாரத்தையும் எடுத்தால் மனம் கதையின் பின்னால் ஓடிவிடும். அந்த வரிகளைக் கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் அந்தத் தாள் மட்டும் போதும், கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். ஒலியை அடக்கிப் பக்கத்தில் வைப்பது பயன் தராது. ஒலி அடங்கினாலும், யாராவது அழைத்திருப்பார்களோ என்ற நினைப்பு அடங்காது. 20 நிமிடத்துக்குச் சாதாரண மேசைக் கடிகாரத்தில் அலாரம் வைத்தால் போதும்.

இரண்டு முறை மெதுவாக, உதடு அசைய வாசிக்க வேண்டும். மூன்றாம் முறை ஏதாவது ஒரு சொல் நெஞ்சில் தைத்தால் அங்கேயே நின்றுவிடலாம். மீதி வரிகளை முடித்தாக வேண்டும் என்பதில்லை. நம் காலத்துக்கே உரிய தவறு இந்த நொடியில் நடக்கிறது. தைத்த சொல்லை உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கை பரபரக்கும். எண்ணம் நல்லதுதான். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த நொடியே போதிப்பவராக மாறிவிடுகிறார். அசைபோட வேண்டிய சொல் மெல்லப்படாமலே வெளியே போய்விடுகிறது. பகிரத்தான் வேண்டுமென்றால் மாலையில் பகிரலாம். அதற்குள் அது வாசித்தவரிடம் தன் வேலையைச் செய்திருக்கும்.

வழிநடத்தும் ஒலிப்பதிவுகள் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு உதவும். அதன்பின் அவையே தடை. மன்றாட்டு தானாக அடங்கி மௌனமாகும் வேளையில் அடுத்த வாக்கியம் வந்து விழுகிறது. இடைவிடாத பின்னணி இசையும் அப்படியே. மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையிலுள்ள அமைதியை இன்னொருவர் குரல் நிரப்பிவிட்டால் கடந்துபோக வழி ஏது?

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன வறட்சியை, அதாவது செபத்தில் சுவையே இல்லாமல் போவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், நண்பகலில் துறவியைப் பிடிக்கும் சோர்வை நுணுக்கமாக விவரித்திருக்கிறார். பகல் ஐம்பது மணி நேரம்போல நீளும். துறவி சன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து சூரியன் எங்கே நிற்கிறதென்று பார்ப்பார், சகோதரர் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். இன்று அந்தச் சன்னல் உள்ளங்கையில் இருக்கிறது. ஒரு செபமுறை சலித்ததும் அடுத்த காணொளி, அடுத்த குரு என்று தாவுவது அதே நோய்தான். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் மருந்து எளியது: வறட்சியில் குறித்த நேரத்தைக் குறைக்காதே, அதைவிடச் சற்றுக் கூடுதலாக இரு. 20 நிமிடம் தாங்கவில்லை என்றால் 21 நிமிடம் உட்காருங்கள். வறண்ட நாள்களில் பழைய தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பதும் அவர் விதி.

எல்லா வறட்சியும் ‘இருண்ட இரவு’, அதாவது இறைவனே ஆன்மாவை ஆழ்ந்த செபத்துக்கு நடத்திச்செல்லும் இருள்நிலை, அல்ல. இணையத்தில் இந்தச் சொல் மலிந்துவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அதைப் பற்றி எழுதிய ஸ்பெயின் நாட்டுத் துறவி புனித சிலுவை யோவான் (1542–1591) மூன்று அடையாளங்கள் தருகிறார்: முன்புபோலக் கற்பனையால் தியானிக்க முடியாமை, வேறு எதிலும் மனத்தைச் செலுத்தும் விருப்பமும் இல்லாமை, தனியே, அன்போடு இறைவனை நோக்கி அமைந்திருப்பதில் நாட்டம். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். செபத்தில் சலிப்பு, ஆனால் எழுந்ததும் அரை மணி நேரம் ரீல்ஸ் பார்ப்பதில் சுவை என்றால் இரண்டாம் அடையாளம் இல்லை. அது வெறும் பராக்கு. முதல் இரண்டும் மனச்சோர்வு நோயாலும் வரலாம் என்று அவரே எச்சரிக்கிறார். உறக்கம் கெட்டு, உணவும் வெறுத்துப்போனால் மருத்துவரிடம் போகவேண்டும்.

செபத்தில் தோன்றும் காட்சிகள், வாக்குகள் பற்றியும் அவர் கண்டிப்பானவர். கடவுளிடமிருந்தே வந்தாலும் பற்றிக்கொள்ளாதே; அவர் தர நினைத்த பயன் பற்றிக்கொள்ளாமலே உள்ளத்தில் சேரும் என்கிறார். நாள்தோறும் கைப்பேசியில் வந்து சேரும் ‘இறைவாக்கு’களை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

ஆன்ம வழிகாட்டியோடு காணொளி அழைப்பில் பேசுவதில் தவறில்லை. அருகில் ஆள் கிடைக்காதவர்களுக்கு அது பெரிய கொடை. மாதம் ஒருமுறை, ஒரே வழிகாட்டியிடம் பேசுவது நல்லது. நற்கருணை, ஒப்புரவு போன்ற திருவருட்சாதனங்கள் வேறு. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று 2002இல் வத்திக்கான் வெளியிட்ட ‘திருச்சபையும் இணையமும்’ என்ற ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. ஒப்புரவுக்கு (பாவ அறிக்கைக்கு) நேரில்தான் போகவேண்டும்.

ஒரு வேண்டுகோள். செபத் தொடர் தொடங்கவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் காணொளிக்கான கியூஆர் குறிக்குப் பதிலாக, நற்செய்தியின் எட்டு வரிகளைப் பெரிய எழுத்தில், சுற்றிலும் இடம் விட்டு, வெட்டி எடுக்கத் தோதாக அச்சிடுங்கள். பின்பக்கம் விளம்பரம் இல்லாமல் வெறுமையாக இருக்கட்டும்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்