பழைய கணினியை நிறுக்கக் கொடுக்கும் முன் டிஸ்க் பெட்டியை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத்து ஆபிஸ், சங்கக் காரியாலயம், பாடசாலை ஸ்டோர் என்று இலங்கை மலையகத்தில் மூலைக்கு மூலை கிடக்கும் பழைய கணினிகளைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கிறார்கள். இடத்தை அடைக்கிறது, கொடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கூடவே பழைய டிஸ்க்குகளைப் போட்டு வைத்திருக்கும் பெட்டியையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்களே, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பக்கம் ரேடியோ, டீவி திருத்துகிறவன். ஒரு தொண்டர் அமைப்பின் பழைய காரியாலயத்தைக் காலி செய்தபோது அம்ஸ்ட்ராட் பீசீடபிள்யூ 8256 ஒன்று என் மேசைக்கு வந்தது. 1985 இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த மெஷின், கடிதம் அடிப்பதற்கென்றே செய்தது. திரையும் டிஸ்க் ட்ரைவும் ஒரே பெட்டிக்குள், கூடவே பிரிண்டர், லோகோஸ்கிரிப்ட் என்ற எழுதும் மென்பொருள், எல்லாம் சேர்த்து வரி நீங்கலாக 399 பவுண். நினைவகம் வெறும் 256 கிலோபைட்.

"செத்துப் போச்சு தம்பி, பார்ட்ஸுக்கு வச்சுக்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சுவிட்சைப் போட்டால் திரை முழுக்கப் பச்சை வெளிச்சம், ஓர் எழுத்துக் கிடையாது, யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இதில் ஹார்ட் டிஸ்க் இல்லை, ஒவ்வொரு முறையும் 3 அங்குல டிஸ்க் ஒன்றைப் போட்டால்தான் எழும்பும், அதுவரை இப்படிப் பச்சையாகத்தான் நிற்கும். சரி, டிஸ்க் போட்டும் எழும்பவில்லையே என்றால் அதற்குக் காரணம் ட்ரைவுக்குள் இருக்கும் றபர் பெல்ட். நிமிடத்துக்கு 300 சுற்று டிஸ்க்கைச் சுற்றவேண்டியது அதுதான். இந்த வகை ட்ரைவில் எல்லாம் அந்தப் பெல்ட் நாளடைவில் தொய்ந்துவிடும், சிலதில் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நான் கழற்றியதில் பாதி கையோடு வந்தது, மீதி கப்பியிலேயே ஒட்டிக்கொண்டது, ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன், விரல் கறுப்பு லேசில் போகவில்லை. கெசட் ரேடியோவுக்குப் போடும் சதுரப் பெல்ட் இதற்குச் சரிவராது, தட்டைப் பெல்ட்தான் வேண்டும், வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பிக்கலாம். அதை மாட்டி, டிஸ்க்கை வாசிக்கும் ஹெட்டையும் துடைத்து, லோகோஸ்கிரிப்ட் டிஸ்க்கைப் போட்டதும் எழும்பிவிட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் மூடியைக் கழற்றவேண்டாம். அந்தக் காலத்துப் பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் ஓடும், பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

எங்கள் ஊர் ஈரத்தில் டிஸ்க்தான் பெரிய பாடு. ஷட்டரைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். அப்படியே ட்ரைவில் போட்டால் டிஸ்க்கும் கீறும், ஹெட்டும் அழுக்காகும், அப்புறம் போடுகிற நல்ல டிஸ்க்கும் கெடும். முதலில் துடைக்க வேண்டும், அவசரப்படவே கூடாது.

அத்தனை பாடும் எதற்கு என்று கேட்கலாம். மெஷினோடு வந்த டிஸ்க் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் பிரஜாவுரிமை பற்றிய கடிதங்கள். 1948 சட்டத்தால் பிரஜாவுரிமை இல்லாமல் போன நம் இந்திய வம்சாவளித் தோட்ட ஆட்களுக்காக 1988 இல் ஒரு சட்டம் வந்தது, 2003 இல் இன்னொன்று வந்தது. இந்த மெஷின் அதில் முதலாவது சட்டத்தின் காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தகப்பன் பெயர், பிறந்த தோட்டம், டிவிஷன், எந்த வருடம் பேர் பதிந்தது என்று ஒவ்வொரு குடும்பமாக ஆங்கிலத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள். தோட்டங்கள் 1992 இல் கம்பனிகளுக்குக் கைமாறியபோது தொழிலாளர் பேரும் வேலை நாளும் பதியும் செக்றோல் புத்தகம் எத்தனை அடுப்புக்குப் போனதோ, ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதிக் காசுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைகிறவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் 173 கிலோபைட்தான் கொள்ளும், வெறும் எழுத்து என்பதால் அதற்குள்ளேயே கடிதம் கடிதமாக இருக்கிறது.

லோகோஸ்கிரிப்ட் கோப்பை இன்றைய வேர்ட் திறக்காது. பிரிண்டர் ரிபன் காய்ந்து கிடந்ததால் ஒவ்வொரு பக்கமாகத் திரையில் வரவைத்துப் போனில் படம் பிடித்துக் கொடுத்தேன். அழகான வழி இல்லைதான், ஆனாலும் வாசிக்க முடிகிறது.

சங்கங்களும் தொண்டர் அமைப்புகளும் தங்கள் ஸ்டோர் அறையை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். டிஸ்க் அகப்பட்டால் ஸ்பீக்கர், காந்தம் எதற்கும் பக்கத்தில் வைக்காமல், ஈரம் படாத டின்னில் போட்டு, எந்தக் காரியாலயத்திலிருந்து வந்தது என்று துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். அடுத்தவர் குடும்ப விபரம் அது, கண்டவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். மெஷின் ஓடாவிட்டால் பரவாயில்லை, ஓடுகிற இன்னொன்றில் போட்டு வாசிக்கலாம். நம் மாவட்டத் தொழில்நுட்பக் கல்லூரி எதிலாவது ஓர் அறையும் ஓடுகிற மெஷின் ஒன்றும் இருந்தால் மாணவர்களே செய்துவிடுவார்கள், பெல்ட் மாற்றுவதையும் டிஸ்க் துடைப்பதையும் வந்து காட்டிக்கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர் ஒருவர்