ரெண்டு லட்சம் ரூபாய் கார்டு

திருப்பூர்

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்குவது பற்றி நீ அனுப்பிய நீளமான மெசேஜை ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து படித்தேன். போனில் பேசினால் நீ ஒரு பக்கம், உங்க அப்பா ஒரு பக்கம் பேசுவீர்கள். நான் சொல்ல வந்தது நடுவில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் அனுப்பு சாமி.

"ரெண்டு லட்சத்துக்கு ஒரு அட்டையா?" என்றுதான் அப்பா ஆரம்பித்தார். நான் அப்படிக் கேட்க மாட்டேன். மெஷினுக்குப் பணம் போடுவது நம் வீட்டுக்குப் புதுசு இல்லை. தை மாதம் சீட்டுப் பணம் ஒட்டுக்காக் கைக்கு வருகிறது, கொடுக்க முடியும். கொடுக்கலாமா என்பதுதான் என் ரோசனை.

உன் மெசேஜ் முழுக்க ஃப்ரீலான்ஸ், ரெண்டர், கிளையன்ட் என்றே இருந்தது. கடைசியில் மட்டும் "அப்புறம் கேமும் சூப்பரா ஓடும்" என்று ஒரு வரி. ஸ்மைலி போட்டிருந்தது அந்த வரிக்கு மட்டும்தான். அதைப் பிறகு பேசலாம், முதலில் வேலைக் கணக்கைப் பார்ப்போம்.

நம் பனியன் கம்பெனியில் சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் எல்லாம் சொந்தம். காஜா பட்டன் மட்டும் இன்றைக்கும் வெளியே ஜாப் ஒர்க்தான். காலரும் பட்டனும் வைத்த போலோ ஆர்டர் வந்தால்தான் காஜாவுக்கு வேலை. சொந்தமாக வாங்கிப் போட்டால், ரவுண்ட் நெக் ஓடுகிற மாதங்களில் அந்த மெஷின் துணி போர்த்திக் கிடக்கும். பீஸுக்கு இவ்வளவு என்று கொடுத்து அடித்து வாங்கினால் கணக்கு அன்றைக்கே முடிந்துவிடுகிறது. வருஷம் முழுக்க போலோ ஓடும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நாளைக்கே ஒன்று இறக்கிவிடுவேன். விலை பெரிசு என்பதற்காக வாங்காமல் இல்லை கண்ணு, ஓட்டுவதற்கு வேலை இல்லை.

உன் கார்டும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. மாடல் செய்கிற நேரம், கிளையன்டோடு பேசித் திருத்துகிற நேரமெல்லாம் உன்னிடம் இப்போது இருக்கும் 3060 கார்டு சும்மாதான் இருக்கும். செய்த மாடலைக் கம்ப்யூட்டர் முழுப் படமாக்குகிற ரெண்டர் போட்ட பிறகுதான் அதற்கு முழு வேலை. ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா: எந்த வேலை, ரெண்டர் எவ்வளவு நேரம் ஓடியது, அதனால் கிளையன்ட் காத்திருந்தாரா, நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா. படுக்கப் போகும்போது போட்டுவிட்டுக் காலையில் எடுக்கிற ரெண்டரை, புதுக் கார்டு அரைமணியில் முடித்துக் கொடுத்தாலும் உனக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வராது. பகலில் வேலையை நிறுத்திவைக்கிற ரெண்டர்தான் காசைத் தின்கிறது. அதை மட்டும் தனியாகக் கூட்டு.

நமக்கு எம்பிராய்டரி டிசைன் போட்டுத் தருகிற தம்பியிடமும் கேட்டேன். அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "அக்கா, அவருக்கு வேகம் பத்தலையா, மெமரி பத்தலையா?" ரெண்டும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். வேகம் குறைந்தால் நேரம் கூடும், அவ்வளவுதான். காட்சி கார்டின் மெமரியில் அடங்காவிட்டால் ரெண்டர் பாதியிலேயே நின்றுவிடும், இல்லையென்றால் கம்ப்யூட்டரின் ரேமில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மெதுவாக நகரும். அதைக் கேட்ட பிறகு விலைப் பட்டியலை வேறு கண்ணோடு பார்த்தேன்.

உன்னிடம் இருக்கும் 3060-இல் 12 ஜி.பி. இருக்கிறது. 2025 ஜனவரியில் இந்தக் கார்டுகளைச் செய்கிற என்விடியா கம்பெனி 59,000 ரூபாய் என்று அறிவித்த 5070-லும் அதே 12 தான். மெமரிதான் உன் குறை என்றால் அதை வாங்கி என்ன பிரயோசனம்? 80,000 ரூபாய் 5070 டிஐ-யில் 16 ஜி.பி. அதற்கு மேலே 1,07,000 ரூபாய் 5080-லும் 16 தான். கூடக் கொடுக்கிற 27,000 ரூபாயும் வேகத்துக்கு. 32 ஜி.பி. வேண்டும் என்றால்தான் நீ கேட்கிற 2,14,000 ரூபாய் 5090. வேகம் கொஞ்சம் மட்டாக இருந்தாலும் சரி, 16 ஜி.பி. போதும் என்றால் இவற்றுக்கெல்லாம் கீழே 5060 டிஐ ஒன்று இருக்கிறது. அது 8 ஜி.பி.யிலும் வருகிறது, பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். இதெல்லாம் அப்போது அறிவித்த விலை. கோயமுத்தூர் போனபோது காந்திபுரத்தில் ஒரு கடையில் விசாரித்தேன், சொன்னதெல்லாம் கூடுதலாகத்தான் இருந்தது. உங்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் ஒருமுறை நடந்து விசாரி.

"549 டாலர் 5070, பழைய 4090-க்குச் சமம்" என்று என்விடியா கம்பெனித் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்ன வீடியோவை நீ அனுப்பியிருந்தாய். நானும் பார்த்தேன், நல்ல வியாபாரி. திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்களுக்கு, அதாவது பிரேம்களுக்கு, நடுவில் வரும் பிரேம்களை ஏஐ-யை வைத்து ஊகித்து நிரப்புவதையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. கேமுக்குப் பொருந்தும். நீ பிளெண்டர் சாஃப்ட்வேரில் போடும் ரெண்டருக்கு அந்த நிரப்பல் எதுவும் செய்யாது. 4090-இல் 24 ஜி.பி. மெமரி இருப்பதும் அந்தப் பேச்சில் வராது.

அப்புறம் கார்டு தனியாக வருவதில்லை. 5090-க்கு மட்டும் 575 வாட், 1000 வாட் பவர் சப்ளை வை என்று அவர்களே சொல்கிறார்கள். உன் பழைய பவர் சப்ளை ஆகாது, கேபினட்டிலும் அது நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் முழுசாக ஓடினால் கார்டு மட்டும் நாலரை யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இழுத்த கரண்ட் எல்லாம் வெப்பமாக உன் அறையில்தான் இறங்கும். பெங்களூரில் ஒருமாதிரி சமாளிப்பாய். சித்திரையில் அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடாதே.

வரியையும் பார். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,14,000 ரூபாயில் 32,000 ரூபாய்க்கு மேல் வரியே இருக்கிறது. நான் மெஷின் வாங்கினால் அதை நான் கட்டுகிற வரியில் கழித்து இன்புட் எடுத்துவிடுவேன், உனக்கு ஜி.எஸ்.டி. எண் இல்லை, முழுசும் உன் தலையில்தான். 'வட்டியில்லா ஈ.எம்.ஐ.' என்பதையும் நம்பிக் குதிக்காதே. வட்டியைத் தள்ளுபடி என்று ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்குகிறார்கள், அந்த வட்டிக்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு.

பழைய 3090 வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். 24 ஜி.பி. இருப்பதால் கேள்வி நியாயம்தான். ஆனால் 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற டிஜிட்டல் காயின் தன் முறையை மாற்றும்வரை அந்தக் கார்டுகளில் பலவற்றை ராத்திரி பகல் பாராமல் காயின் எடுக்க ஓட்டினார்கள். பிறகு அவற்றில் நிறையக் கைமாறின. விற்கிறவர் வீட்டிலேயே ஒரு மணி நேரம் ரெண்டர் போட்டு, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் பார்க்காமல் காசு கொடுக்காதே. பில் இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

இப்போது அந்த ஸ்மைலிக்கு வருகிறேன். விளையாடத்தான் ஆசை என்றால் விளையாட என்றே சொல் கண்ணு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சம்பாதிக்கிற பிள்ளை, கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, ராத்திரி ரெண்டு மணி நேரம் கேம் ஆடினால் என்ன? ஆனால் ஆசைக்கு வாங்குவதைத் தொழில் கணக்கில் எழுதினால் விலைக்கு ஒரு அளவே இல்லாமல் போகும். "சம்பாதித்துவிடலாம்" என்று சொல்லிக்கொண்டே மேலே மேலே போவோம். ஆசைக்கு என்றால் உன் சம்பளத்தில், உனக்கு வலிக்காத தொகையில் வாங்கு. இன்னொன்று, உன் மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ்தானே? கார்டு எத்தனை பிரேம் கொடுத்தாலும் அது நொடிக்கு அறுபதுதான் காட்டும். 5090-ஐ அதில் மாட்டினால் மானிட்டருக்கும் காசு எடுத்து வைக்க வேண்டும்.

என் முடிவு இதுதான். நோட்டு ஒரு மாதம் ஓடட்டும். அதற்குள் பெரிய ரெண்டர் வந்தால் ஆன்லைனில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் கார்டில் போட்டு எடு, வாடகையைக் கிளையன்ட் பில்லில் சேர். தையில் நோட்டைக் காட்டு. பகல் நேரம் நிறைய வீணாகிறது, ஆனால் மெமரி போதுகிறது என்றால் 5070 டிஐ-க்கும் பவர் சப்ளைக்கும் நான் கொடுக்கிறேன், திருப்பிக் கேட்க மாட்டேன். 16 ஜி.பி.யிலும் அடங்காத வேலை மாதாமாதம் வருகிறது, வாடகை ஏறிக்கொண்டே போகிறது என்றால் 5090-க்கே கொடுக்கிறேன், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நோட்டில் பாதிப் பக்கம் காலி என்றால் சீட்டுப் பணம் இங்கேயே இருக்கட்டும், ஒரு பேட்லாக் மாற்ற வேண்டியிருக்கிறது.

எதை வாங்கினாலும் பழைய 3060-ஐ விற்றுவிடாதே. உன் தங்கச்சி அதற்கு இப்போதே துண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா