கொடியைப் பற்றி ஒரு வரியும் இல்லையே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெப்பமண்டலக் காடுகளின் பெரிய வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆவலுடன் படித்தேன். சிறகின் நிறங்களையும் கள்ளச்சந்தை விலையையும் விரிவாகப் பேசிய அக்கட்டுரையில், அவற்றின் புழுக்கள் தின்று வளரும் கொடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறையாகப் பட்டது.

உலகிலேயே மிகப்பெரிய வண்ணத்துப்பூச்சியான அலெக்சாண்ட்ரா மகாராணி பேர்ட்விங், பப்புவா நியூ கினியின் ஓரோ மாகாணத்தில் மட்டுமே வாழ்கிறது. பெண் பூச்சி சிறகு விரித்தால் 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். 1906-இல் பூச்சி சேகரிப்பாளர் ஆல்பர்ட் மீக் முதன்முதலாகச் சேகரித்த பூச்சி துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தப்பட்டது என்பதை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. ஆயினும், 1951-இல் அங்கே வெடித்த லாமிங்டன் எரிமலையும், பின்னர் காட்டை அழித்துப் பரவிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் விளைவித்த சேதம் சேகரிப்பாளர்கள் செய்ததைவிடப் பெரிது என்றே கருதுகிறேன்.

ஏனெனில், பேர்ட்விங் என்ற இந்தப் பெரிய வண்ணத்துப்பூச்சி வகையில் பெண் பூச்சி கண்ட இலையிலெல்லாம் முட்டையிடுவதில்லை. முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிச் சுவை பார்த்து, ஈசுவரமூலியின் குடும்பத்தைச் சேர்ந்த தனக்குரிய கொடிதான் என்று தெரிந்த பிறகே முட்டை வைக்கும். அக்கொடியின் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, அதைத் தின்ன வரும் எதிரிகளை விலக்கிவிடுகிறது.

அந்தச் சோதனையிலும் பூச்சி ஏமாறுவதுண்டு. ஆஸ்திரேலியாவின் ரிச்மண்ட் பேர்ட்விங், தோட்ட அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட உறவுக்கொடி ஒன்றில் முட்டையிட, பொரிந்த புழுக்கள் அதன் இலையைத் தின்று மாண்டன. அதையறிந்து அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் ஊர்மக்களும் அந்நியக் கொடியைக் களைந்து, உரிய கொடியைத் தங்கள் தோட்டங்களிலேயே நட்டு வளர்த்தார்கள்.

அலெக்சாண்ட்ரா பேர்ட்விங்கின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டிருப்பது சரியே. ஆனால் அதே பப்புவா நியூ கினியில் மற்ற பேர்ட்விங் இனங்களைக் கிராமத்தார் கொடி நட்டு வளர்த்து, முறைப்படி விற்று வருகிறார்கள். வருமானம் தருவதால் கொடியையும் காக்கிறார்கள். ஓரோ மக்களுக்கு அந்த வழி இல்லாதபோது, எண்ணெய்ப்பனை தரும் பணத்தை வேண்டாம் என்று காட்டை விட்டுவைக்க அவர்களுக்கு என்ன ஆதாயம் இருக்கிறது? கடுமையான கண்காணிப்புடன் அவர்களுக்கும் வளர்ப்புரிமை தருவது பற்றிப் பேசியாக வேண்டும்.

இவற்றை விளக்கும் தொடர்கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். அதில் பூச்சியின் படத்துக்கு அருகில் அக்கொடியின் படமும் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்