ஹிலாரி ஒன்றரை நாளில் ஊர் திரும்பவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மலையேற்றக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை ஏறி, வழியில் ஒரு கிராமத்தில் இலவச மருத்துவ முகாமும் நடத்திவிட்டு வந்த அன்பர், "ஹிலாரி செய்ததைத்தான் நாங்களும் எங்கள் அளவில் செய்தோம்" என்கிறார். அந்த வரியைக் கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள்.

ஹிலாரி செய்தது என்ன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1953-ல் டென்சிங்கோடு எவரெஸ்ட் சிகரம் தொட்டார். 1960-ல் அறக்கட்டளை, மறு வருஷம் எவரெஸ்ட் பக்கத்துக் கும்ஜுங் கிராமத்தில் பள்ளிக்கூடம், 1966-ல் குண்டே கிராமத்தில் மருத்துவமனை. பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டவர்கள் அந்த மலைப்பகுதி மக்களான ஷெர்பாக்கள். 1975-ல் பாப்லுவில் இன்னொரு மருத்துவமனை வேலையில் இருந்தபோது, அவரிடம் கிளம்பி வந்த மனைவியும் மகளும் காட்மாண்டுவில் விமான விபத்தில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் அவர் அந்த மக்களை விட்டுவிடவில்லை. நம் அன்பர் முகாம் நடத்தியது ஒன்றரை நாள். "எங்கள் அளவில்" என்ற சொல்லுக்கு இவ்வளவு நீளமா?

பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2012-ல் அதே பாதையில், அதே மாதிரி ஒரு குழுவில் நானும் போனேன். 31 வருஷம் செவிலியராக இருந்தவள் என்பதால் மருந்து மேஜை என் பொறுப்பு. ஒரு பாட்டி வந்து இடுப்புத் துணியை அவிழ்த்து மூன்று மாத்திரை அட்டைகளை மேஜையில் வைத்தார். மூன்று குழுக்கள் கொடுத்துவிட்டுப் போனவை. இரண்டு, வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே ரத்த அழுத்த மாத்திரை. மூன்றாவது காலாவதியாகி ஒரு வருஷம். தலை சுற்றும் நாளில் எது கைக்கு வருகிறதோ அதில் ஒன்று போட்டுக்கொள்வாராம். தினமும் போட வேண்டிய மாத்திரை அது. நான் செய்தது என்ன? நாலாவது அட்டை கொடுத்தேன், 15 நாளுக்கு. பதினாறாம் நாள் நாங்கள் அவரவர் வீட்டில் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மருந்துப் பெட்டியை நெற்றிப்பட்டையில் கட்டித் தூக்கி வந்த பையனுக்கு, அடிவார முகாமுக்குச் சற்று முன்னால் உயரத்தில் இருக்கும் லோபுசே வந்ததும் தலைவலி, வாந்தி. மலைக்காரனுக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்றார் குழுத் தலைவர். சுமை தூக்க வருகிறவர்களில் பலர் கீழ்ப் பள்ளத்தாக்குக்காரர்கள். உயரம் நம்மைப் போலவே அவர்களையும் வாட்டும். நான் கத்திய பிறகுதான் அவனைக் கீழே இறக்கினார்கள். பெட்டி நிறைய மருந்து, தூக்கியவனுக்கு ஒரு மாத்திரை இல்லை! ஒருவர் தலையில் நேபாளத்தில் 30 கிலோ, கிளிமஞ்சாரோவில் 20 கிலோ என்று சுமைக்கு வரம்பு சொல்கிறார்கள். தங்கள் கட்டுரையாளர் தம் பையின் எடையைக் கிராம் கணக்கில் எழுதியிருக்கிறார், 6 கிலோ 400 கிராம். மிச்சத்தை யார் தூக்கினார்கள் என்று ஒரு வரி உண்டா?

தங்கள் இதழுக்கு இது புதிதல்ல. 2014 ஏப்ரல் 18-ல் எவரெஸ்ட் ஏறும் வழியில் உள்ள கும்பு பனியருவியில் பனிச்சரிவு விழுந்து 16 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளர்கள். குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய். தாங்கள் வெளியிட்டதோ, சீசன் கெட்டு ஏறாமல் திரும்பிய ஒருவரின் மனவருத்தம், நான்கு பக்கத்துக்கு. அப்போதும் கடிதம் எழுதினேன். இடப்பற்றாக்குறை என்று பதில் வந்தது. பதில் போட்டீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

நன்கொடை திரட்டி மலையேறுவது பற்றி எழுதப் போனால் என் கடிதமும் நான்கு பக்கம் ஆகிவிடும். எங்கள் குழு திரட்டியதில் பெரும்பங்கு எங்கள் விமான டிக்கெட்டுக்கே போனது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. 19-ஆம் பக்கப் படத்தில் 11 பேர் நிற்கிறார்கள். கீழே பட்டம், பதவியோடு ஏழு பெயர்கள். மற்ற நால்வர் பெயரையும் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி அடுத்த இதழில் போடுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால். வலது ஓரத்தில், பனியில் கான்வாஸ் ஷூவோடு நிற்கிறவரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், தங்கள் பழைய வாசகி