ராசா, அந்த ஸ்கேன் ரிப்போர்ட் விஷயமா

ராசா,

நேத்து ராத்திரி போன்ல "ஃபேட்டி லிவர் கிரேடு 2தாம்மா, எங்க ஆபீஸ்ல பாதி பேருக்கு இருக்கு"ன்னு சொல்லிட்டு வேற பேச்சுக்கு போயிட்ட. ஈரல்ல கொழுப்பு நடுத்தரமா சேந்துருச்சுன்னுதான அர்த்தம், எனக்கு அப்புறம் தூக்கமே வரல. போன்ல சொன்னா பாதியிலயே வச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், முழுசா படி.

உன் மாமா நெனப்புதான் வந்துச்சு. 2009ல அவன் ஈரல் கேன்சர்ல போனப்ப உனக்கு காலேஜ் மொத வருஷம். குடிப்பழக்கம் கிடையாது, உனக்கே தெரியும். அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு கேம்ப்ல ரத்தம் குடுத்தான், அப்புறம் உங்க ரத்தம் ஆகாது இனிமே குடுக்காதீங்கன்னு மட்டும் சொன்னாங்களாம், ஏன்னு யாரும் சொல்லல. அவனா ரத்தத்துல சத்து இல்லபோலன்னு நெனச்சுக்கிட்டு வாரா வாரம் உசிலம்பட்டியில கறிக்கடைக்கு போயி சுவரொட்டி வாங்கி வறுத்து சாப்பிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே டெஸ்ட் போட்டு, ஈரலத் தாக்குற ஹெபடைடிஸ் பி வைரஸ்னு கண்டுபிடிச்சிருப்பேன். வயிறு வீங்கி வேட்டி இடுப்புல நிக்காம அவன் எங்க லேப்புக்கு வந்தப்ப நான்தான் ரத்தம் எடுத்தேன். சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி எடுத்து டியூப்ப வெளிச்சத்துல தூக்கி பாத்தா, மேல நிக்கிற சீரம் வெளிர் மஞ்சளால்ல இருக்கணும், நல்லெண்ணெய் கணக்கா இருந்துச்சு, அவ்வளவு காமாலை. மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு கை நடுங்கிருச்சு.

மாமாவுக்கு வைரஸ், எனக்கு வெறும் கொழுப்புதானேன்னு கேப்ப. உனக்கு சின்னதுலயே அந்த வைரஸுக்கு 3 டோஸ் தடுப்பூசி போட்டாச்சு, அந்த பக்கம் பயமில்ல. ஆனா வைரஸோ கொழுப்போ சாராயமோ, எதுல ஈரல் செல் அடிபட்டாலும் உள்ள நடக்குறது கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஈரல்ல குஃப்பர் செல்னு காவக்கார செல்லுங்க இருக்கு, செல் சாகுறத பாத்ததும் அதுங்க சைட்டோகைன்னு சிக்னல் மூலக்கூறுகள வெளிய விடும், ஐஎல்-6, டிஎன்எஃப்னு நெறைய உண்டு. ஊர்ல தண்டோரா போடுற மாதிரின்னு வச்சுக்கோயேன். ஐஎல்-6 வந்து ஒட்டுனதும் ஈரல் செல்லுக்குள்ள ஸ்டாட்-3ங்கிற ஸ்விட்ச் ஆன் ஆயிரும், சாகாத, வளரு, ரெண்டா பிரின்னு. இது நல்லதுக்குத்தான்ய்யா, மூணுல ரெண்டு பங்கு ஈரல வெட்டி எடுத்தாலும் திரும்ப வளருதுன்னா அதுக்கு இந்த ஐஎல்-6ம் ஒத்தாசை. ஆனா அந்த தண்டோரா சீக்கிரமே நின்னுரணும். கொழுப்பு சேந்து வருஷக்கணக்கா நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா, டிஎன்ஏ கெட்டுப்போன செல்லுக்கும் அதே சத்தந்தான கேக்கும், சாகவேண்டிய அதுவும் சேந்து வளரும். போதாததுக்கு டிஜிஎஃப்-பீட்டான்னு இன்னொரு சிக்னல், கேன்சர் செல்ல கொல்ல வேண்டிய டி செல்ங்கிற வெள்ளையணுவயே அடக்கி உக்கார வச்சிரும்.

இன்னொன்னும் சொல்லணும். இந்த ஈரல் கேன்சர் பொம்பளைங்களவிட ஆம்பளைங்களுக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி. குடிதான் காரணம்னு நானும் நெனச்சேன், அது மட்டும் இல்ல. 2007ல அமெரிக்காவுல சான் டியாகோவுல மைக்கேல் காரின்ங்கிற விஞ்ஞானியோட லேப்ல எலிய வச்சு பாத்தாங்க, பொம்பளைங்க ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் அந்த குஃப்பர் செல் விடுற ஐஎல்-6அ குறைக்குது, ஐஎல்-6 இல்லாம பண்ணுன ஆண் எலிக்கு ஈரல் கேன்சர் நல்லா குறைஞ்சிருச்சு. 2010ல அதே லேப்ல, உடம்பு பெருத்த எலிக்கு கேன்சர் கூடுறதும் இந்த ஐஎல்-6, டிஎன்எஃப் வழியாத்தான்னு காட்டுனாங்க. நீ ஆம்பளை, வெயிட்டும் 92. அதான் எனக்கு அடிவயித்த கலக்குது.

கிரேடு 2ன்னா கேன்சர்னு நான் சொல்லல ராசா, ரொம்ப கொஞ்ச பேருக்குத்தான் அப்படி ஆகும். மருந்தும் இப்ப வந்துருச்சு, டி செல்ல எழுப்பி விடுற அட்டிசோலிசுமாப், அதோட கட்டிக்கு ரத்தக்குழாய் முளைக்கச் சொல்ற சிக்னல தடுக்குற பெவாசிசுமாப், ரெண்டையும் சேத்து 2020ல அனுமதிச்சாங்க. உன் மாமாவுக்கு அதெல்லாம் இல்ல. ஆனா அந்த ஊசி வரைக்கும் நீ போகவே கூடாது. ஈரல் பாதி கெட்ற வரைக்கும் வலிக்காது, வலி இல்லையேன்னு இருந்துறாத.

வெயிட்ல 7 முதல் 10 சதவீதம் எறங்குனாலே ஈரல்ல அந்த வீக்கம் நல்லா கொறையும், உனக்கு 8 கிலோ. நைட் ஷிப்ட் முடிஞ்சு புரோட்டாவும் சால்னாவும், சனிக்கிழமை பீரும் வேணாம்ய்யா. காபி குடி, சக்கரை இல்லாம, அது ஈரலுக்கு நல்லதுதான்.

வர்ற சனிக்கிழமை காலையில பெங்களூர் பஸ்ல வர்றேன்னியே, வழியில எதுவும் சாப்பிடாத. மாட்டுத்தாவணியில அப்பா வண்டியோட நிப்பாரு, நேரா லேப்புக்கு வந்துரு, ஈரல் டெஸ்ட் எல்எஃப்டி, கொழுப்புக்கு லிப்பிட், சுகர் எல்லாம் எடுத்துருவோம், ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு பாக்குற ஃபைப்ரோஸ்கேனுக்கு 11 மணிக்கு சொல்லி வச்சிருக்கேன். உன் ரத்தத்த நானே எடுக்குறேன். ஸ்கேனும் முடிஞ்சதும் சாப்பிட டிபன் பாக்ஸ்ல இட்லி கொண்டு வர்றேன்.

அம்மா