பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தமது அறிக்கையில் சொல்வார். செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. தீர்மானங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளன. இந்த ஆண்டு நம் நேரத்தையும், உள்ளதைச் சொன்னால் வாக்குவாதத்தையும், அதிகம் எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான்: பல பண்பாடுகளின் குளிர்காலப் பண்டிகைகளை வகுப்பறையில் எப்படிச் சொல்லித் தருவது என்பது. எனவே இந்த அறிக்கையிலும் அதற்கே இடம் அதிகம்.

இதுவரை இருந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாட்டுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு கொடி, ஒரு பொம்மை, ஒரு இனிப்பு. பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். புகைப்படம் நன்றாக வரும். மறுநாள் கேட்டால் இனிப்பு மட்டும்தான் நினைவில் இருக்கும். மேசைகளை விட்டுவிட்டு, வகுப்புக்கு இரண்டு மூன்று மரபுகளை மட்டும் எடுத்து நிதானமாகப் படிப்பது என்று செயற்குழு முடிவு செய்தது. விடுபடும் பண்டிகைக்காரர்கள் மனம் வருந்த மாட்டார்களா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆண்டுக்கு ஆண்டு மாற்றி மாற்றி எடுப்பது என்பதில் உடன்பாடு ஏற்பட்டது.

பாடம் பண்டிகையில் தொடங்கவில்லை, சூரியனில் தொடங்கியது. அறிவியல் ஆசிரியர் அறையை இருட்டாக்கி, நடுவில் ஒரு விளக்கை வைத்து, உலக உருண்டையைக் கையில் ஏந்தி அதைச் சுற்றி நடந்தார். அச்சு 23.5 பாகை சாய்ந்தபடி எப்போதும் ஒரே திசையைப் பார்க்கிறது; அதனால் ஒரு பக்கம் வடக்குக்கு வெளிச்சம் குறைகிறது, எதிர்ப்பக்கம் வந்ததும் தெற்குக்குக் குறைகிறது. டிசம்பர் 21 ஒட்டி வடக்கே நீண்ட இரவு வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு, இத்தனை பண்டிகைகளில் ஏன் விளக்கு இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் அந்த நீண்ட இரவோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது என்பதையும் அடுத்த வகுப்பிலேயே பார்த்தோம். யூதர்களின் ஹனுக்கா எருசலேம் கோவிலை மக்கபேயர்கள் என்ற யூதப் போராளிகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் மீட்டு, மறுபடி அர்ப்பணித்ததை நினைவுகூர்வது. அதன் விளக்குத் தண்டைக் கரும்பலகையில் வரைந்ததும், எட்டு இரவுப் பண்டிகைக்கு ஒன்பது கிளை எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். ஹனுக்கா விளக்குகளின் வெளிச்சத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால் மற்றவற்றை ஏற்றித் தர ஒரு உதவி விளக்கு, ஷமாஷ், தனியே நிற்கிறது. மெழுகுவர்த்திகளை வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும்; ஏற்றும்போது புதிதாக வைத்ததிலிருந்து ஏற்ற வேண்டும். தீ வேண்டாம் என்று பேட்டரி விளக்குகளை வைத்து எட்டு இரவையும் செய்து பார்த்தார்கள். மொத்தம் எத்தனை மெழுகுவர்த்தி வேண்டும் என்று கணக்கு ஆசிரியர் கேட்டு, ஷமாஷோடு சேர்த்து 44 என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

விலை கொடுத்து வாங்கிய சுவர்ப்படம் ஒன்றில் ஹனுக்காவை ‘யூதர்களின் கிறிஸ்துமஸ்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டோம். யூதர்களின் சமயப் பெருநாள்களின் வரிசையில் ஹனுக்கா சிறிய இடத்தில் இருப்பது. டிசம்பரில் வருவதால் மட்டும் வெளியாருக்குப் பெரிதாகத் தெரிகிறது. நிலைத்த தேதியும் அதற்குக் கிடையாது. யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள். நம் நாட்காட்டியில் 2023இல் டிசம்பர் 7 மாலையும் 2024இல் டிசம்பர் 25 மாலையும் தொடங்கியது.

குவான்சாவுக்கும் விளக்குத் தண்டு உண்டு; ஆனால் அது சமயப் பண்டிகையே அல்ல. 1966இல் அமெரிக்காவில் மௌலானா கரெங்கா என்பவர், ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் தங்கள் வேரை நினைக்க வேண்டும் என்று உருவாக்கியது. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள். கறுப்பு ஒன்று, சிவப்பு மூன்று, பச்சை மூன்று என ஏழு மெழுகுவர்த்திகள். நாளுக்கு ஒரு நெறி. பண்டிகை என்றாலே புராதனமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, தாத்தா பாட்டி காலத்தில் பிறந்த பண்டிகை என்பது பெரிய ஆச்சரியம்.

ஸ்வீடனின் லூசியா நாள் (டிசம்பர் 13), மெக்சிகோவில் கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது இரவுகள் நடக்கும் போசாதாஸ் இரண்டையும் சிறிய வகுப்புகள் கதையாகக் கேட்டன. உயர் வகுப்பினருக்கு நாட்காட்டிக் கணக்கு பிடித்துப்போனது. ரஷ்யா போன்ற நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் கொண்டாடுவதால் அது ஜனவரி 7இல் வருகிறது. அதற்கும் நாம் பயன்படுத்தும் நாட்காட்டிக்கும் இடையே இப்போது 13 நாள் வித்தியாசம். 2100இல் அது 14 ஆகும். அப்படியானால் 2101இல் ஜனவரி 8 தானே என்று ஒருவன் எழுந்து கேட்டான். ஆமாம்.

பெற்றோர்களில் ஈரானில் வளர்ந்த தாயார் ஒருவர் வந்து யால்டா இரவைப் பற்றிப் பேசினார். ஆண்டின் நீண்ட இரவில் குடும்பம் மூத்தவர் வீட்டில் கூடும். மாதுளையும் தர்பூசணியும் வைப்பார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஹாஃபிஸின் தொகுப்பை மனத்தில் ஒன்றை நினைத்துக்கொண்டு பிரித்து, வந்த கவிதையைக் குறிபோல் வாசிப்பார்கள். 2022இல் யுனெஸ்கோ இந்த மரபைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர் பாரசீகத்தில் வாசித்ததைப் பொருள் புரியாமலே பிள்ளைகள் இன்னொரு முறை கேட்டார்கள். “இது எங்கள் வீட்டு வழக்கம். அடுத்த வீட்டில் வேறு மாதிரி இருக்கும்” என்று அவர் இடையிடையே சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த ஆண்டு நடந்த வகுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அதையொட்டி ஒரு விதியும் வகுத்தோம். தன் சமூகத்தின் பண்டிகையைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் வகுப்பில் திடீரென எழுப்பிக் கேட்கக் கூடாது. விரும்பி முன்வந்தால் சொல்லலாம். ஒரு சிறுவனை அவன் மதம் முழுவதுக்கும் பிரதிநிதியாக நிறுத்துவது அவனுக்குச் சுமை, கேட்பவர்களுக்கும் தவறான பாடம்.

பிறர் வழிபாட்டை நம் பிள்ளைகள் ஏன் செய்ய வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்ட பெற்றோர்களுக்கும் பதில் அளித்திருக்கிறோம். எந்த வகுப்பிலும் பிரார்த்தனை சொல்லப்படவில்லை. யார் எதை ஏன் செய்கிறார்கள் என்பது மட்டுமே பாடம். பாடக்குறிப்புகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிய பின் இத்தகைய கடிதங்கள் குறைந்தன.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தெற்கு அரைக்கோளத்தில் டிசம்பர் கோடைகாலம். அங்கே குளிர்காலம் ஜூனில். பெருவின் குஸ்கோ நகரில் சூரியனுக்கான ‘இந்தி ராய்மி’ என்ற இன்கா விழா ஜூன் 24இல் நடக்கிறது. நியூசிலாந்தில் கார்த்திகை விண்மீன் கூட்டம் விடியலில் மறுபடி தெரிவதைக் கொண்டாடும் அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிகளின் மத்தாரிக்கி, 2022 முதல் பொது விடுமுறை. ‘குளிர்காலப் பண்டிகைகள்’ என்று தலைப்பு வைத்துவிட்டு டிசம்பரோடு நிறுத்துவது சரியல்ல. எனவே வரும் ஆண்டில் ஜூன் மாதத்திலும் ஒரு வாரம் ஒதுக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். தேர்வு அட்டவணையோடு இடிக்கும் என்பது ஆசிரியர்களின் கவலை. வாக்கெடுப்புக்கு முன் அவர்களும் பேச வேண்டும்.

உழைத்த ஆசிரியர்களுக்கும், நூலகருக்கும், நேரம் ஒதுக்கி வந்த பெற்றோர்களுக்கும் கழகத்தின் நன்றி. அறிக்கையை ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்