அலுமினியச் சட்டியும் ஒரு கிலோ கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பின் சமையல் பக்கத்தில், அலுமினியத்துக்குத் தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம்) குறைவு, அதனால்தான் அந்தச் சட்டி சீக்கிரம் சூடாகிறது என்று போட்டிருந்தீர்கள். சட்டி சீக்கிரம் சூடாவது உண்மை. சொன்ன காரணம்தான் தலைகீழ். படிவம் 4 படிக்கும் என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அப்போ எங்க புத்தகம் தப்பா?" என்று கேட்டாள்.

பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் 29 வருடம் உதவியாளராக இருந்தவன் நான். 'முஆத்தான் ஹாபா தெந்து' (தன்வெப்பத்துக்கு மலாய்ப் பெயர்) பாடம் வந்தால் உலோகக் கட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்து வைப்பது என் வேலை. எல்லாமே ஒரு கிலோ. ஆனால் அலுமினியக் கட்டி செம்புக் கட்டியைப் போல மூன்று மடங்கு பெரிது. தூக்கிப் பார்த்து எது கனம் என்று கேட்டால், பிள்ளைகள் செம்பைத்தான் காட்டுவார்கள்!

ஒவ்வொரு கட்டியிலும் இரண்டு துளை. ஒன்றில் 50 வாட் ஹீட்டர், இன்னொன்றில் தெர்மாமீட்டர். தெர்மாமீட்டர் துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இல்லாவிட்டால் இடையில் காற்று நின்று, பாதரசம் சோம்பலாக ஏறும். ஒருநாள் எண்ணெய் தீர்ந்து வீட்டு நல்லெண்ணெயைக் கொண்டு போனேன். வகுப்பெல்லாம் தாளித்த வாசம்.

கட்டியைத் துணியால் சுற்றி ஐந்து நிமிடம் சுவிட்சைப் போட்டால், எந்தக் கட்டியானாலும் ஹீட்டர் தருவது 15,000 ஜூல்தான். செம்பு 35 டிகிரியாவது ஏறிவிடும். அலுமினியம் 16-ஐத் தொடவே திணறும். ஒரு கிலோவை ஒரு டிகிரி ஏற்ற அலுமினியத்துக்கு 900 ஜூல், இரும்புக்கு 450, செம்புக்கு 390. பிள்ளைகளின் கணக்கில் அலுமினியத்துக்கு 950, 1,000 என்றுதான் வரும். துணியையும் மீறி வெப்பம் கசிகிறதே.

சரி, அப்புறம் சட்டி ஏன் சீக்கிரம் காய்கிறது? கடையில் யாரும் கிலோ பார்த்துச் சட்டி வாங்குவதில்லை, அளவு பார்த்துத்தான் வாங்குகிறோம். அதே அளவு, அதே தடிப்பில் இரும்புச் சட்டி ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். அந்தக் கனத்தையும் சேர்த்தால் இரும்புக்குத்தான் ஒன்றரை மடங்கு வெப்பம் வேண்டும். வெப்பத்தைக் கடத்துவதிலும் அலுமினியம் இரும்பைவிடக் கெட்டிக்காரன். என் மனைவியின் தடித்த இரும்புத் தோசைக்கல் காய நேரமெடுக்கும். காய்ந்துவிட்டால் குளிர்ந்த மாவை ஊற்றினாலும் சட்டென்று ஆறாது.

பேத்தியின் புத்தகம் சரிதான். ஒரு சின்னத் திருத்தம் போட்டால், வெட்டிப் பள்ளிக்கு எடுத்துப் போகக் காத்திருக்கிறாள்.

ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு